கடலில்லாத ஜிலினுக்கு ஒரு கலங்கரை விளக்கம்

ஜிலின் மாகாணத்துக்குக் கடல் கிடையாது. சீனாவின் வடகிழக்கு மூலையில், ஒரு பக்கம் ரஷ்யாவும் இன்னொரு பக்கம் வட கொரியாவும் தோளால் இடிக்க, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வந்து நின்றுவிட்ட நிலம் அது. சென்னையில் மந்தைவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். இப்படிப்பட்ட தகவல்கள் என் மண்டையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. பழைய பேப்பர்காரன்கூட எடைக்கு எடுக்கமாட்டான். ஆனால் இந்த ஒன்று மட்டும் ஒரு மனிதரைப் பழிவாங்க உதவியது. அதற்காகவே பூகோளத்துக்குக் கற்பூரம் காட்டலாம்.

அந்த மனிதர் என் சகலை, அதாவது என் மனைவியின் அக்கா கணவர். அடையாறில் பெரிய ஃபிளாட், பெரிய கார், அதைவிடப் பெரிய குரல். கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் இருந்தவர். கம்பெனி அவரை ஜிலினின் தலைநகரமான சாங்சுனுக்கு அனுப்பியது. கார்த் தொழிற்சாலைகளைக் கட்டிக்கொண்டு பெருத்த ஊர் அது. இரண்டு குளிர்காலம் அங்கே இருந்துவிட்டு வந்தார். அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் யாருக்குச் சீமந்தமானாலும், யாருக்குச் சஷ்டியப்த பூர்த்தியானாலும், இலை போடுவதற்குள் "நான் சீனாவுல இருந்தப்போ" என்று ஆரம்பித்துவிடுவார். நான் வடக்கே போன எல்லை, சென்னையைத் தாண்டியதும் ஆந்திர எல்லையில் வரும் தடா. அங்கேயும் பஸ்ஸில் வாந்தி எடுத்தேன். ஆகவே அவர் என்னை "வாத்தியாரே" என்று கூப்பிடும்போது அதில் மரியாதை எத்தனை மில்லி என்று எனக்குத் தெரியும்.

ஆனால் பகைக்குக் காரணம் சீனா அல்ல, கொலு. மாமியார் இருந்தவரை கொலு மயிலாப்பூரில், எங்களுக்கு அடுத்த தெருவில், அவர் வீட்டில் நடந்தது. படி கட்டுவது, பொம்மை துடைப்பது, மரப்பாச்சிக்குப் பாவாடையும் வேட்டியும் தைப்பது எல்லாம் என் மனைவிதான். மாமியார் காலமான பிறகு, பதிமூன்றாம் நாள் சாப்பாட்டு ஈரம் காயும் முன்பே, சகலை பொம்மைப் பெட்டிகளைக் காரில் ஏற்றினார். என் மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"உங்காத்து ஹால்ல இத்தனை படி வச்சா, நீங்க ரெண்டு பேரும் பரண்லதான் குடித்தனம் பண்ணணும், வாத்தியாரே" என்றார்.

கூடியிருந்த உறவெல்லாம் சிரித்தது. என் மனைவி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து நவராத்திரிக்கு நவராத்திரி, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, தன் அம்மாவின் பொம்மைகளை விருந்தாளியாகப் போய்ப் பார்த்துவிட்டு, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு திரும்புவாள். எங்கள் வீட்டில் கொலு இல்லை. கேட்டால், "எதை வைக்கறது?" என்பாள்.

போன நவராத்திரிக்கு வழக்கம்போல் முதல் நாளே போனோம். கதவைத் திறந்ததும் சகலை இரண்டு கையையும் விரித்தார்.

"வாரும் வாத்தியாரே! இந்த வருஷம் நம்மாத்துப் பார்க் என்ன தெரியுமா? ஜிலின்!"

கொலுப்படிக்கு முன்னால் தரையில் பார்க் கட்டுவது எல்லா வீட்டிலும் உண்டு. கோயில், குளம், கிரிக்கெட் மைதானம் என்று எதையாவது கட்டுவார்கள். இவர் ஒரு மாகாணத்தையே கட்டியிருந்தார். நல்ல கைவேலைதான், பகையாளி என்பதற்காக மறைக்கக் கூடாது. மேற்கே சமவெளி. ஜிலினின் சொத்தே அந்தக் கறுப்பு மண்தான் என்பதால் தொட்டி மண்ணில் கரித்தூளைக் கலந்து பரப்பி, கம்பு விதைத்து முளைக்கவிட்டு, அதுதான் மக்காச்சோள வயல் என்றார். சீனாவில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாகாணங்களில் அதுவும் ஒன்று. நடுவில் அட்டைத் தொழிற்சாலை, அதன் வாசலில் வரிசையாகப் பொம்மைக் கார்கள். தென்கிழக்கே சாங்பாய் மலை. அது பழைய எரிமலை. உச்சியில் ஏரி இருக்கவேண்டும் என்று ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைப் பதித்திருந்தார். அங்கிருந்து மூன்று ஆறுகள் அலுமினியத் தாளில் புறப்பட்டன. மலையடிவாரத்தில் ஜின்செங் வேருக்குப் பதில் சுக்கு. ஆற்றோரத்து வேப்பங்குச்சிகளுக்கு உப்புப் பூசி வெள்ளையாக்கியிருந்தார்.

"அணையிலேர்ந்து வர்ற தண்ணி உறையாது, ஆவி பறக்கும். கரையில இருக்கற மரம் பூரா அந்த ஆவி பனியாப் படிஞ்சு பூத்தாப்ல இருக்கும். உம்ம அட்லஸ்ல இதெல்லாம் போட்டிருக்கானா?"

"எங்க போட்டிருக்கான், அண்ணா!" என்றேன்.

அப்போதுதான் கிழக்கு ஓரத்தைப் பார்த்தேன். நீலப் பெயிண்ட் அடித்த பெரிய தாம்பாளம். அதில் தண்ணீர், தண்ணீரில் இரண்டு கப்பல்கள், கரையில் மணல்.

"இது?"

"கடல், ஓய். ஜிலின் பீச்."

சென்னைக்காரனை எந்த நாட்டைக் கட்டச் சொன்னாலும் ஓரத்தில் ஒரு பீச் வைத்துவிடுவான். கடலில்லாத ஊர் என்று ஒன்று இருக்கமுடியும் என்பதை நம் புத்தி ஏற்றுக்கொள்ளாது. எனக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு ஆனந்தம் கிளம்பியது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மனைவி என் கையைப் பிடித்தாள். அவள் கடலைப் பார்க்கவில்லை; மணலில் நின்ற மரப்பாச்சி ஜோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமாளும் தாயாருமாக மேல்படியில் நிற்கவேண்டியவர்களைக் கீழே இறக்கி, ஸ்வெட்டர் மாட்டி, தலையில் பொசுபொசுவென்று ரோமக் குல்லா வைத்திருந்தார்.

"ஜிலின் தம்பதி! குளிராதோல்லியோ?" என்றார் சகலை.

திரும்பும்போது ஆட்டோ திரு.வி.க. பாலத்தில் ஏறியது. "அம்மாவோட மரப்பாச்சிக்குக் குல்லா போட்டிருக்கார்" என்றாள். அவ்வளவுதான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்தப் பெட்டிகளை அவளிடம் கொண்டுவந்து சேர்க்காமல் நான் ஓய்வதில்லை என்று அந்தப் பாலத்தின்மேல் முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்ததும் அட்லஸை எடுத்து ஜிலினின் கிழக்கு முனையை விரலால் தடவினேன். டூமன் ஆறு கடலைத் தொடுகிறது; ஜிலின் தொடவில்லை. கடைசித் துண்டு நிலத்தை ரஷ்யாவும் வட கொரியாவும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. எனக்கு அந்த இரண்டு நாடுகளின்மீதும் திடீரென்று அன்பு பொங்கியது.

ஆனால் தனியாகச் சொன்னால் சகலை, "அப்படியா?" என்று தாம்பாளத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மலையை வைத்துவிடுவார். பழியென்றால் சபையில் நடக்கவேண்டும். அவர்கள் குடியிருப்பில் சரஸ்வதி பூஜை அன்று சங்கத்துச் செயலாளர் அம்மாள் வீடு வீடாக வந்து கொலுப் போட்டிக்கு மார்க் போடுவார். அதுவரை பொறுப்பது என்று வைத்துக்கொண்டேன். பொறுமை எனக்கு வராத குணம். காபி ஆறுவதற்குள் நாக்கைச் சுட்டுக்கொள்கிறவன் நான்.

சும்மா இருக்கவும் முடியவில்லை. நடுவில் ஒருநாள் சுண்டல் சாப்பிடும் சாக்கில் தனியாகப் போனேன்.

"எல்லாம் பிரமாதம், அண்ணா. கடல்தான் கொஞ்சம் சின்னதாப் போயிடுத்து."

அவர் தாடையைத் தடவினார். "எனக்கும் தோணித்து."

"ஒரு கலங்கரை விளக்கம் வச்சா எடுப்பா இருக்கும்."

"ஓய், உமக்கும் ரசனை இருக்கே!"

அடுத்த நாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வீடியோ வந்தது. தாம்பாளம் போய், குழந்தைகளைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் தொட்டி வந்திருந்தது. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட கலங்கரை விளக்கம், உச்சியில் சீரியல் பல்பு. கரையில் ஒரு குதிரை, பக்கத்தில் மாங்காய் பத்தை விற்கும் பொம்மை. பின்னணியில் அவர் குரல்: "ஜிலின் கடற்கரையின் மாலை நேரம்." நான் கை தட்டும் படத்தை ஒன்றுக்கு மூன்றாகப் போட்டேன். மனைவி என்னை முறைத்தாள். "அவருக்குப் போய் தாளம் போடறேளே, வெக்கமா இல்ல?" அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் அக்காவுக்குப் போய்விடும்.

சரஸ்வதி பூஜை வந்தது. ஹால் நிறைய மாமிகள். செயலாளர் அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மாகாணத்தைச் சுற்றி வந்தார். சகலை குச்சி வைத்துக்கொண்டு விளக்கினார்: சோளம், கார், காட்டு மரம், பைன் கொட்டை, ஜின்செங். கடைசியில் குச்சி தொட்டிக்கு வந்தது.

"கடல் வாணிபம்" என்றார்.

"அண்ணா, ஒரு சின்ன சந்தேகம். ஜிலினுக்கு ஏது கடல்?" என்றேன்.

அவர் சிரித்தார். "தடா தாண்டாத வாத்தியார் எனக்குச் சீனாவைச் சொல்றார், பாருங்கோ மாமி!"

மாமிகள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். "இல்லண்ணா, நிஜமாவே இல்ல."

"பந்தயமா ஓய்? கடல் இல்லேன்னா இந்தப் பொம்மை அத்தனையும் உம்மாத்துக்கு! தூக்கிண்டு போம்! சபையில சொல்றேன்."

என் காதில் மேளம் கொட்டியது. செயலாளர் அம்மாள் ஏற்கெனவே போனில் வரைபடத்தைத் திறந்து விரலால் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். "மாமா, எல்லைக் கோடு கடலுக்கு முன்னாடியே நின்னுடறதே" என்றார். போன் கைக்குக் கை மாறியது. ஒவ்வொரு மாமியும் பார்த்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தாள். கலங்கரை விளக்கம் யாருக்கோ வழி காட்டி மினுக்கிக்கொண்டிருந்தது.

சகலைக்கு வேர்த்தது. ஆனால் சளைக்கிற ஆளா?

"நான் பாத்தேன்! இந்தக் கண்ணால பாத்தேன்! எல்லையில உசரமா ஒரு கோபுரம் இருக்கு. அதுமேல ஏறினா அந்தப் பக்கம் கடல் பளபளன்னு தெரியும். நான் பொய் சொல்லலை."

அவர் பொய் சொல்லவில்லை. அப்படி ஒரு இடம் இருப்பதாக நானும் படித்திருந்தேன். மாமிகள் அவர் பக்கம் சாய்வது தெரிந்தது. அப்போது மனைவி பேசினாள். சபையில் அவள் குரலை நான் அதுவரை கேட்டதேயில்லை.

"பார்த்தா ஆச்சா, அத்திம்பேர்? நானுந்தான் வருஷா வருஷம் இங்க வந்து எங்கம்மா பொம்மையைப் பாக்கறேன். அது எங்காத்துலயா இருக்கு?"

நான் நாள்கணக்காகத் தீட்டிய கத்தியை அவள் வாங்கி ஒரே வெட்டில் காரியத்தை முடித்துவிட்டாள். எனக்குப் பெருமை பாதி, ஏமாற்றம் பாதி.

சமையலறை வாசலில் சுண்டல் அடுக்கோடு நின்றிருந்த அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அவ சொல்றது சரி. எடுத்துண்டு போகட்டும்."

"என்னடி இது, நான் ஏதோ பேச்சுக்குச் சொன்னேன்..."

"சபையில சொன்னேள். அப்புறம் இன்னொண்ணு. நீங்க ரெண்டு குளிர்காலந்தான் சீனாவுல இருந்தேள். நான் அன்னிலேர்ந்து இன்னிவரைக்கும் அங்கதான் இருக்கேன். எனக்கும் விடுதலை வேணும்."

செயலாளர் அம்மாள் மார்க் போட மறந்துபோய்ச் சுண்டலை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

கொலுவை நடுவில் கலைக்கக் கூடாது. விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள்தான் எடுக்கவேண்டும். அதற்குள் சகலை மனம் மாறிவிட்டால்? அக்கா ஒன்றும் தயங்கவில்லை. விஜயதசமிக்கு மறுநாள் மாலை நாங்கள் போனபோது பெட்டிகள் கயிறு கட்டித் தயாராக இருந்தன. சகலை உள்ளறையில் தலைவலி என்று படுத்திருந்தார். நான் போய்க் கட்டில் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணா, ஆட்டோவுல இத்தனை பெட்டி ஏறாது. உங்க கார்தான் பெரிசு."

அவர் என்னைப் பார்த்த பார்வையைக் கண்ணாடி போட்டு மாட்டி வைக்கலாம். சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து வந்தார். பெட்டியின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். கனமான பக்கம் அவரிடம் வரும்படி பார்த்துக்கொண்டேன்.

மெட்ரோ வேலைக்காக மந்தைவெளி முதல் லஸ் வரை தெருக்களைத் திருப்பிவிட்டிருந்தார்கள். எது ஒருவழி, எது அடைப்பு என்பது அங்கேயே குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அடையாறுக்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, "வழி நீர்தான் சொல்லணும், வாத்தியாரே" என்றார்.

சொன்னேன். பாலத்திலிருந்து நேராக வந்தால் சீக்கிரம் வீடு. நான் அவரை மாடவீதிக்குள் அனுப்பினேன். பண்டிகைக் கூட்டம் இன்னும் வடியவில்லை. பூக்கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவில் கார் மாட்டிக்கொண்டது. பின்னாலிருந்த ஆட்டோக்காரர் தலையை நீட்டினார்.

"இன்னா பெர்சு, நடு ரோட்ல கொலு வச்சிக்கினு கீற? ஓரம் கட்டு நைனா!"

சகலை ஓரம் கட்டினார். மறுபடி கிளம்பினோம். இன்னொரு தெரு, இன்னொரு திருப்பம்.

"இந்தப் பிள்ளையார் கோயிலை இப்பத்தானே பாத்தோம்?"

"அது வேற பிள்ளையார், அண்ணா. மயிலாப்பூர்ல பிள்ளையாருக்கா பஞ்சம்?"

அவர் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஊரை இன்னும் நான்கு சுற்றுச் சுற்றலாம் போலிருந்தது. பின் சீட்டில் என் மனைவி மரப்பாச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு, குல்லாவையும் ஸ்வெட்டரையும் நிதானமாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றியவற்றை எட்டி அவருக்கு முன்னால் டாஷ்போர்டில் வைத்தாள்.

தெருமுனை வந்தது. வலப்பக்கம் திரும்பினால் எங்கள் வீடு.

"லெஃப்ட்டா, ரைட்டா?" என்றார் சகலை.

"லெஃப்ட்" என்றேன்.

என் மனைவி பிறந்து வளர்ந்தது இதே தெருக்களில்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் வழி சொல்வாள். அவள் வாயைத் திறக்கவில்லை.