ஈறு வளர்க்க மதுரைக்கு

பைக்கில் விழுந்து மேல்வரிசை முன்பல் இரண்டு போனது. புதுப் பல் ஊன்ற எலும்பு போதாதென்று எலும்புத்தூள் வைத்துத் தைத்தார்கள். மூட ஈறு பற்றாமல் தையல் பிரிந்து, எல்லாம் வீண். 2008 ஆவணியில் மதுரை டாக்டரம்மா ஒருவர் வேறு வழி சொன்னார். அரிசி அளவு ஜெல் துண்டு ஒன்றை ஈறுக்கு அடியில் வைப்பார்கள். உடம்பின் நீரை உறிஞ்சி, ஊறப்போட்ட கொண்டைக்கடலை போல அது மெல்லப் பருக்கும். மேலே உள்ள ஈறும் கூடவே வளரும். ஆறு வாரத்தில் அதை எடுத்துவிட்டு எலும்பு வைத்தால் மூடுவதற்கு ஈறு இருக்கும். ஒரே நிபந்தனை, அதுவரை கழற்றி மாட்டும் செட்டுப்பல் பிளேட்டை மாட்டக்கூடாது. அழுத்தினால் ஈறு கிழியும். சரி என்று ஜெல் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரச் சோதனைக்கு விருதுநகரில் காலை 6.20 பஸ். டிக்கெட் 14 ரூபாய். திருமங்கலத்தில் டீ குடிக்க ஐந்து நிமிடம். நான் இறங்கவில்லை, டாக்டரம்மா என்ன சொல்வாரோ என்று பயம். கப்பலூரில் பாதி பஸ் காலியானது. ரிங் ரோடு வழியாக 7.50க்கு மாட்டுத்தாவணி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ ஐந்து ரூபாய்.

பயத்துக்குக் காரணம் உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும்? பொக்கை வாயோடு சபையில் உட்காருவாயா என்று அக்கா முறைத்தாள். உண்மையில் எனக்கும் பல்லோடு உட்காரத்தான் ஆசை. பிளேட்டை மாட்டிவிட்டேன். அன்றிலிருந்து ஈறு சுருக்கென்றது.

கிளினிக்கில் எனக்கு அடுத்து திருவாதவூர்ப் பெண் ஒருத்தி, பத்தொன்பது வயதிருக்கும், அப்பாவுடன் காத்திருந்தாள். கீழ்த்தாடையில் அவளுக்கும் இன்று அதே ஜெல் வைக்கப் போகிறார்களாம். முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்திருக்கிறார்கள்.

டாக்டரம்மா பார்த்தார். ஈறில் ஓட்டை, உள்ளே ஜெல் தெரிந்தது. பிளேட் போட்டீர்களா என்று கேட்டார். யோசிக்காமல் இல்லை என்றேன். அவர் ஓட்டையை மறுபடி பார்த்தார். பிறகு நர்ஸிடம் திரும்பினார்.

"அப்ப ஜெல் சரக்குலதான் கோளாறு. வெளிய இருக்க பொண்ணுக்கு இன்னைக்கு வைக்க வேணாம். போகச் சொல்லிரு."

நர்ஸ் கதவுவரை போய்விட்டாள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"டாக்டர், போட்டேன். காதுகுத்துக்கு. ரெண்டு மணி நேரம்."

"ரெண்டுதானா?"

"பந்தியிலயும் கழட்டல. நாலு இருக்கும்."

அவர் நர்ஸைத் திரும்பக் கூப்பிட்டார், என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஜெல்லை எடுத்துத் தைத்தார். மூன்று மாதம் ஆறட்டும், மறுபடி வைக்க முடியுமா என்பதை அப்புறம்தான் சொல்ல முடியும் என்றார்.

நான் வெளியே வந்ததும் அந்தப் பெண்ணின் அப்பா எழுந்தார். "எப்படிண்ணே இருக்கு? புள்ளைக்கு வைக்கலாமா?"

கிழிந்த விஷயம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். ஒரு வருடமாக யாருக்கும் காட்டாத வாயை, மூடியிருந்த கைக்குட்டையை எடுத்துவிட்டு அந்தப் பெண்ணுக்குத் திறந்து காட்டினேன்.

"பாத்துக்க பாப்பா. இது ஜெல் செஞ்சதில்ல, நான் செஞ்சது."

அவள் நன்றாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு: ஆறு வாரத்துக்குள் விசேஷம் இருந்தால் தேதியைத் தள்ளுங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். திரும்பும்போது ஜன்னல் சீட் நல்லது, யாரிடமும் பேச வேண்டியதில்லை. தப்பு செய்திருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு அடுத்த ஆள் வெளியே உட்கார்ந்திருப்பார்.