புலம்பெயர்ந்தவர் கணக்கு

ஆராய்ச்சிக்காக எங்கள் வீட்டுக்கு வந்த அக்கா சென்னைக்காரர். முதல் கேள்வியிலேயே தடுக்கி விழுந்தார்.

“உங்க வீட்டிலிருந்து யாராவது புலம்பெயர்ந்திருக்காங்களா?”

“இந்த வீட்டுல யாரும் புலம்பலம்மா. அல்லா புண்ணியத்துல நல்லாத்தான் இருக்கோம்” என்றாள் அம்மா.

எங்கள் ஊரான வீரசோழனில் வெளிநாட்டுப் பிழைப்புக்குப் பெயர் சபர். அப்படிக் கேட்டிருந்தால் கைக்குழந்தைகூட பதில் சொல்லியிருக்கும். அத்தா, அதாவது அப்பா, சவூதியில் தம்மாமில் ஏ.சி. மெக்கானிக். ஆனால் கேள்வி விளங்கிய பிறகு அம்மா இன்னும் உஷாரானாள். சபர் வீடு என்று எழுதிவிட்டால் ரேஷன் அரிசி நின்றுவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அத்தாவுக்கு மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. அந்த அரிசிதான் எங்கள் சோறு.

“அவுக அருப்புக்கோட்டைக்குப் போயிருக்காக. சாயங்காலம் வந்துருவாக.”

அத்தா கொண்டுவந்த ஒட்டகப் படம் போட்ட கம்பளியை மறைக்க, கோடை வெயிலில் அதன்மேல் ஏறி உட்கார்ந்து வெந்துகொண்டிருந்தேன். என் பங்குக்கு நானும் பொய் சொன்ன திருப்தி.

இதெல்லாம் எதற்கு என்று அம்மா கேட்டாள்.

“கம்ப்யூட்டர்ல ஒரு ஊர் மாதிரி செய்வோம்மா. ஆளுங்க வெளிநாடு போனா இங்க கூலி ஏறுதா, குடும்பத்துக்கு நல்லதா கெட்டதான்னு கணக்குப் போடுவோம். அப்புறம் எல்லாரையும் ஊருக்குத் திரும்பக் கூட்டிட்டு வந்து பார்ப்போம்.”

கூட்டிக்கொண்டு வருவார்களாமே! அதற்குமேல் என்னால் பொய்யைக் காப்பாற்ற முடியவில்லை.

“எங்கத்தா சபர்ல இருக்காக. அவுகளையும் எழுதிக்கங்க!”

அம்மா கிள்ளியதில் தொடை கன்றிப்போனது. அந்த நேரம் பார்த்து செல் அடித்தது. வெள்ளிக்கிழமை, அத்தாவுக்கு லீவு. அழுதுகொண்டே பச்சைப் பொத்தானை அமுக்கினேன். அருப்புக்கோட்டைக்குப் போன அத்தா, தம்மாம் அறையில் உட்கார்ந்து வீடியோவில் சலாம் சொன்னார்.

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதற்கும் ரேஷனுக்கும் சம்பந்தமே இல்லை, பேர்கூட எழுத மாட்டோம் என்று அவர் சத்தியம் செய்த பிறகுதான் அம்மாவுக்கு மூச்சு வந்தது. பிறகு அக்கா, அத்தாவிடமே கேட்டார்.

“இதே வேலை நம்ம ஊர்ல கிடைச்சா, எவ்வளவு சம்பளத்துக்கு வந்துடுவீங்க சார்?”

அத்தா வாயைத் திறந்தார். அப்படியே அசையாமல் இருந்தார்.

“நெட்டு மாட்டிக்கிச்சு” என்று சொல்லிவிட்டு, செல்லைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். திரையில் அவருக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்தபடியே, சிக்னல் கிடைக்கட்டும் என்று செல்லை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.