புடவைக்கடை மாடியில் வைத்த ரிவேர்ப்

கல்யாண ரிசெப்ஷனில் பாட்டு நடுவே பாடகி மைக்கை விட்டு விலகி நின்றால் கிற்றார் வாசிக்கிறவன் என்ன செய்வான்? வெள்ளவத்தை மண்டபமொன்றில் எனக்கு அது நடந்தது. கிற்றாரின் ஒலியை மாற்றிக் காட்டும் எஃபெக்ட்ஸ் புரொசசர் புதிதாக வாங்கி, அதில் இருக்கிற எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கத் துடிக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

விலகி நின்றவர் சாந்தினி அக்கா. கொட்டாஞ்சேனையில் ஆசிரியை, எங்கள் பாண்டின் பாடகி. தைரொயிட் ஒப்பரேஷனுக்குப் பிறகு குரல் கம்மிப்போய், ஒரு வருடத்துக்கு மேல் பாடாமல் இருந்தார். அன்றுதான் மேடைக்குத் திரும்பியிருந்தார். சரிவராவிட்டால் பாட்டை இத்தோடு விட்டுவிடுவேன் என்று வான் வண்டியில் வரும்போதே சொல்லியிருந்தார்.

நாங்கள் ஒத்திகை பார்ப்பது கொட்டாஞ்சேனையில் ஒரு புடவைக்கடையின் மாடியில். சுவர் நீளத்துக்குத் துணிக்கட்டுகள். எந்தச் சத்தத்தையும் அவை விழுங்கிவிடும். அங்கே என் கிற்றார் தகரத்தைத் தட்டியது போலக் கேட்டது. அதனால் புரொசசரில் எதிரொலி சேர்க்கும் ரிவேர்ப்பில், பெரிய மண்டபத்தில் வாசிப்பதுபோலக் கேட்கும் 'ஹோல்' வகையைத் தெரிவுசெய்து, எதிரொலி அடங்க எடுக்கும் நேரத்தை, அதாவது டிகேயை, நன்றாக நீட்டினேன். எதிரொலியைக் கலக்கும் அளவான மிக்ஸையும் கூட்டிச் சேவ் பண்ணினேன். அக்காவும் குரலின் கீறல் தெரியக்கூடாதென்று நிறைய எக்கோ கேட்டு வாங்கிக்கொண்டார். மாடியில் எல்லாம் தேவலோகமாக இருந்தது.

மண்டபத்தில் சவுண்ட் செக் கிடைக்கவில்லை. எங்கள் கொழும்பில் டெக்கரேஷன்காரர் கடைசிப் பூவைக் குத்தி முடிக்கும்வரை மேடை அவர்களுடையது. பாண்ட்காரரை யார் கணக்கெடுப்பார்கள்? விருந்தினர் வரத் தொடங்கிய பிறகுதான் பிளக்கைச் செருகினோம். மாடியில் வைத்த ரிவேர்ப்பும் எக்கோவும் அப்படியே இருந்தன. டைல்ஸ் தரை, கண்ணாடிச் சுவர், உயர்ந்த சீலிங். கிற்றாரில் அடித்த ஒரு கோர்ட்டின் நாதம் அடங்குமுன் அடுத்தது அதன்மேல் ஏறி எல்லாம் குழம்பிவிட்டது. அக்காவுக்குச் சுருதி பிடிபடவில்லை. பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டார். மிச்சத்தை நாங்கள் வாசித்தே ஒப்பேற்றினோம்.

"தம்பி, என்ர குரல் போயிட்டுது. நான் வீட்ட போறன்," என்றார் என் பக்கத்தில் வந்து.

குரல் போகவில்லை, நாங்கள்தான் அதைப் புதைத்துவிட்டோம். குனிந்து டிகேயைக் குறைத்தேன். போதவில்லை. மிக்ஸைக் குறைத்தேன், கொஞ்சம் தெளிந்தது. பிறகு ரிவேர்ப்பையே ஓஃப் பண்ணினேன். கிற்றாருக்கு வேண்டிய எதிரொலியை மண்டபமே கொடுத்தது. குரலின் எக்கோவையும் எடுத்துவிடும்படி சவுண்ட்காரத் தம்பிக்குச் சிங்களத்தில் சொன்னேன். அக்காவின் முகம் வெளிறிப்போனது.

"எக்கோ இல்லாட்டி என்ர குரல் கீறுறது எல்லாருக்கும் விளங்கிடும்."

"ஹோலே எக்கோ போடுது அக்கா. நாங்க அதுக்கு மேல இன்னொண்டைப் போட்டனாங்கள். ஒருக்கா பாடிப் பாருங்கோ. சரிவராட்டி நானே உங்கள வீட்ட கொண்டுபோய் விடுறன்."

பாடினார். குரல் முன்பைவிடக் கனத்திருந்தது. மேலே போன ஓரிடத்தில் கீறியது. அந்த இடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் தலையாட்டினேன், விடாமல் பாடி முடித்தார். சபையே மெய்ம்மறந்தது என்று பொய் சொல்லமாட்டேன், பஃபே திறந்திருந்த நேரம் அது. ஆனால் மணமகளின் பெரியம்மா தட்டோடு மேடையடிக்கு வந்து, அதே பாட்டை இன்னொரு தரம் பாடச் சொன்னார். அக்கா அதையும் பாடினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்ட்ரிங்கைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஆகவே பிள்ளைகளே, ரிவேர்ப்பை ஓரிடத்தில் சமைத்து இன்னோரிடத்துக்குக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். போன இடத்தில் முதலில் ஒரு கைதட்டுத் தட்டி, அது அடங்க எவ்வளவு நேரம் எடுக்கிறதென்று கேளுங்கள். இடம் கொடுப்பதை வாங்கிக்கொண்டு, குறைவதை மட்டும் புரொசசரில் கூட்டுங்கள். ஆட்கள் நிறைந்து, அவர்கள் எதிரொலியை விழுங்கிச் சத்தம் வறண்டால் பிறகு இன்னும் கொஞ்சம் கூட்டலாம்.

போன மாதம் வத்தளையில் ஒரு கல்யாணம். தொடங்குமுன் நான் வயர்ச் சுருளை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது மேடையில் பளீரென்று ஒரு கைதட்டுக் கேட்டது. சாந்தினி அக்கா தலையைச் சரித்து, அது அடங்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றார்.

"தம்பி, இண்டைக்கு எனக்கு எக்கோ ஒண்டும் போட வேண்டாம்," என்றார்.