ஹவுஸ் ஓனரும் நட்சத்திர ஆமையும்

பிளாஸ்டிக் டப்பின் சுவரை நகங்கள் கீறும் சத்தம் அது. நாவலூர் அலுவலகத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி, சிட்லபாக்கத்தில் நான் குடியிருந்த வீட்டின் கேட்டைத் திறந்தபோது முதலில் அதுதான் கேட்டது. மாடிப்படிக்குக் கீழே ஒரு நீல நிற டப். ஒரு சாண் ஆழத்துக்குத் தண்ணீர். அன்று காலையில் நான் தெருவிலிருந்து தூக்கி வந்த ஆமை, கழுத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு தத்தளித்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு ஹவுஸ் ஓனர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "பாரும்மா, எவ்ளோ ஜாலியா நீந்துது" என்றார். எனக்கு அவரை அதற்கு முன்பே பிடிக்காது. அந்த நிமிடத்திலிருந்து அறவே பிடிக்காமல் போயிற்று.

அவர் ஒரு பள்ளியில் ஜுவாலஜி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் கீழ்வீட்டில் தனியாக இருந்தார். மாடியில் நான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்த வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் மாடிக்கு வந்து, நான் துணி காயப்போட்ட கயிறு தொய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். படியில் செருப்பு விடக்கூடாது, ஏழு மணிக்கு மேல் மோட்டார் போடக்கூடாது, சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுவார். குழாய் ஒழுகுகிறது என்றால் குழாய் ஒழுகவில்லை, நான்தான் சரியாக மூடவில்லை என்பார். கடைசியில் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டால், பிளம்பரைக் கூப்பிட மாட்டார். தண்ணீர்த் தொட்டி ஓட்டையை அடைக்கும் பசையை ஒரு பாக்கெட் கொடுத்து, "நல்லா பிசைஞ்சு அப்பிடும்மா, கல்லு மாதிரி நிக்கும்" என்பார். என் சமையலறை அலமாரியில் அந்தப் பாக்கெட்டுகள் நாலைந்து எப்போதும் கிடக்கும்.

அன்று காலையில் மழைநீர் வடிகாலுக்காகத் தெருவை ஜேசிபி தோண்டிக்கொண்டிருந்தது. குவித்த சேற்றின் ஓரத்தில் ஒரு கல் நகர்வதைப் பார்த்தேன். கிட்டே போனால் ஆமை. யாரோ வளர்த்துவிட்டு, சலித்துப்போய் ஏரிக்கரையில் விட்டிருக்க வேண்டும். உடம்பெல்லாம் களிமண். முதுகோட்டின் வலப்பக்கம் விரல் நீளத்துக்கு விரிசல். அதில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. எனக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. கேட்டருகே நின்றிருந்த ஹவுஸ் ஓனர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "குளத்து ஆமை. தண்ணியில விட்டா சரியாயிடும். முப்பது வருஷம் ஜுவாலஜி எடுத்தவன்மா நான், நீ போ" என்றார். போனேன். அவருடைய முப்பது வருஷத்தை நம்பினேன் பாருங்கள், அது என் முதல் முட்டாள்தனம்.

டப்பிலிருந்து தூக்கி, ஓட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் துணியால் துடைத்தேன். கறுப்பு மேடுகளில் மஞ்சள் கோடுகள் நாலாபக்கமும் சிதறின. நட்சத்திர ஆமை. கால்களைத் திருப்பிப் பார்த்தேன். விரல்களுக்கிடையே சவ்வு இல்லை. சின்ன யானைக்கால் மாதிரி உருண்டையாக, தடித்து இருந்தன. தரையில் நடக்கப் பிறந்த பிராணி. நீந்தவே தெரியாது. அதை உடைந்த ஓட்டோடு பகல் முழுதும் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறார், பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு.

"சார், இது நிலத்து ஆமை. செத்திருக்கும்."

"சாகலையே" என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டை உற்றுப் பார்த்தார். குரல் மாறியது. "ஸ்டார் டார்ட்டாய்ஸா? இதை வூட்ல வெச்சா கேஸ் ஆயிடும்மா. இன்னிக்கே ஃபாரெஸ்ட்டுக்குப் போன் பண்ணு. அவங்ககிட்ட டாக்டர் இருப்பாங்க."

தப்பு செய்தேன் என்று ஒரு வார்த்தை வரவில்லை. சட்டம் மட்டும் வந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "முதல்ல சாகடிக்கப் பாத்தீங்க, இப்ப சட்டம் பேசறீங்களா? நானே பாத்துக்கறேன்" என்று ஆமையைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். வேண்டுமென்றே செருப்பைப் படியில் விட்டேன்.

அட்டைப்பெட்டியில் பழைய துண்டு விரித்து, பால்கனியில் வெயில் படும் இடத்தில் வைத்தேன். மருந்துக்கடையில் அயோடின் கலந்த சிவப்பு மருந்து வாங்கிக் காலையும் மாலையும் விரிசலில் தடவினேன். அவருடைய செம்பருத்தியைக் கேட்காமலே பறித்துப் போட்டேன். பூவை முதலில் தின்றது, பிறகு இலையை. வாயை அகலத் திறந்து, குறி தவறி, மறுபடி திறந்து கடிக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அலுவலகத்து எரிச்சலெல்லாம் இறங்கிப்போகும். எனக்கு அதன்மேல் உண்மையாகவே ஆசை வந்துவிட்டது. தினமும் நான் கேட்டைத் திறக்கும்போது கீழிருந்து ஒரே கேள்வி வரும்: "ஃபாரெஸ்ட்டுக்குச் சொன்னியாம்மா?" அந்தக் கேள்வி வந்ததாலேயே நான் சொல்லவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் முதல் நாளே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். இது எனக்கு அப்போதே தெரியும்.

ஐந்தாம் நாள் விரிசலில் எறும்பு மொய்த்தது. பயந்துபோய் இணையத்தில் தேடினேன். ஒரு வீடியோவில், எங்கோ வெளிநாட்டில் ஒரு டாக்டர் ஆமை ஓட்டின் விரிசலை ஏதோ பூசி மூடிக்கொண்டிருந்தார். அதற்கு முன் அவர் எத்தனை நாள் என்னென்ன செய்தார் என்பதைக் கேட்க எனக்குப் பொறுமையில்லை. எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன். தொட்டிப் பசையைப் பிசைந்தேன், அப்பினேன், ஈர விரலால் வழவழவென்று தடவிவிட்டேன். கல்லு மாதிரி நின்றது. எவ்வளவு அழகாக முடித்துவிட்டோம் என்று பெருமையாகக்கூட இருந்தது.

ஒன்பதாம் நாள் அது செம்பருத்தியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண் திறக்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரு வாடை வந்தது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். அவர் உடனே வனத்துறைக்குப் போன் செய்து, டாக்டர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்து, ஆட்டோவைக் கூப்பிட்டார். பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னா சார், ஆமையா கீது? வண்டில ஆமைய ஏத்துனா பேஜாரு சார்" என்றார். "நீ ரோட்டைப் பாத்து ஓட்டுப்பா" என்று அதட்டியவர், அதன்பின் வழி முழுதும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். அன்னிக்கே சொன்னேன், அன்னிக்கே சொன்னேன் என்று, ஒவ்வொரு சிக்னலிலும்.

டாக்டர் என் வயதுப் பெண். சிறிய ரம்பத்தால் பசையை அறுத்து எடுத்தார். உள்ளே சீழ். அதன் நாற்றம் அறை முழுதும் பரவியது. "ஓடுன்னா பானை இல்லைங்க, எலும்பு. உயிருள்ள எலும்பு. அழுக்கை உள்ள வெச்சுப் பூசிட்டா கிருமிக்கு வேற என்ன வேணும்? திறந்தாவது விட்டிருக்கலாம். யார் இதை அடைச்சது?"

ஹவுஸ் ஓனர் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான் யோசிக்கவே இல்லை. "சார்தான்" என்றேன்.

டாக்டர் அவர் பக்கம் திரும்பி, வயசானவர் என்றும் பாராமல் வாங்கு வாங்கென்று வாங்கினார். படித்தவர்தானே, ஒரு போன் செய்யத் தெரியாதா, உங்களை மாதிரி ஆட்களால்தான் பாதிப் பிராணிகள் சாகின்றன என்றெல்லாம். ஒழுகும் குழாயை ஒழுகவில்லை என்று அரைமணி நேரம் வாதாடும் மனிதர் அவர். என்னை ஒரு தடவை பார்த்தார். "தெரியாம நடந்துபோச்சும்மா, எப்படியாவது காப்பாத்திடுங்க" என்று டாக்டரிடம் சொன்னார். தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

ஆமையை அங்கேயே விட்டு வந்த மூன்றாம் நாள் அந்த நம்பருக்குத்தான் அழைப்பு வந்தது. படியேறி வந்து வாசலில் நின்று, "போயிடுச்சும்மா" என்றார். நான் அழுதேன். அவர் திரும்பி இறங்கும்போது என் செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார். மறுநாள் வழக்கம்போல மோட்டார் சண்டை. டாக்டரின் அறையில் நடந்ததைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. எடுப்பார், எடுப்பார் என்று இரண்டு மாதம் காத்திருந்தேன். பிறகு தாங்க முடியாமல் வீட்டைக் காலி செய்தேன்.

இப்போது மாடம்பாக்கத்தில் இருக்கிறேன். சிட்லபாக்கம் ஒன்றும் தூரமில்லை. போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவரை எனக்கு இன்றும் பிடிக்காது. அந்த ஆமையைத் தண்ணீரில் போட்டதை மன்னிக்க மாட்டேன். ஆனால் அன்று அந்த அறையில் "நான் இல்லை" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் அவரை இன்றுவரை நிம்மதியாக வெறுத்துக்கொண்டிருப்பேன்.