நிற்காமல் ஓடிய நொதி

போன மாசி மாதம், ஒரு ஞாயிறு மத்தியானம், லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுச் சமையலறை. அம்மா பாரிஸில் இருக்கும் சித்தியோடு போனில் இருந்தார். "சரி, வைக்கிறன்" என்றார். வைக்கவில்லை. கதை சித்தியின் புதுச் சோபாவுக்குத் தாவியது.

"ஒரு சரிக்கெல்லாம் வைக்கமாட்டா அக்கா. சரி சரி சரி சரி எண்டு அடுக்கா வரோணும். அப்பத்தான் கட்" என்றான் தம்பி.

சிரித்தேன். பாதிச் சிரிப்பில் எழுந்து லேப்டாப்பை எடுக்க ஓடினேன்.

செல்லுக்குள் புரதம் செய்யும் இயந்திரம் ரைபோசோம். அதன் மிகச் சிறிய ஆர்.என்.ஏ.வைச் சோதனைக் குழாயில் உருவாக்குவதுதான் என் ஆய்வு. டி.என்.ஏ.வைப் படித்து இந்த ஆர்.என்.ஏ.வை எழுதிக்கொண்டே போகும் நொதி, 'டி' என்ற எழுத்து நான்கைந்து அடுக்காக வந்தால் நின்றுவிடும். என் குழாயில் மட்டும் அது நிற்கவே இல்லை. வேண்டியதைவிட நீளமான ஆர்.என்.ஏ.தான் வந்துகொண்டிருந்தது. மாத முடிவுக்குள் சரிவராவிட்டால் தலைப்பையே மாற்றும்படி மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

லேப்டாப் திரையில் பார்த்தால், ஆர்.என்.ஏ. எங்கே முடியுமோ அங்கேயே மரபணுவைக் கச்சிதமாக வெட்டியிருக்கிறேன். அதற்குப் பின்னால் இருந்த டி வரிசை தேவையில்லாத மிச்சம் என்று போய்விட்டது! வெட்டியதை முனையே இல்லாத வட்டமான டி.என்.ஏ. ஒன்றில் வேறு ஒட்டியிருந்தேன். பாவம், நொதி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

மறுநாள் ஆய்வகத் தோழியிடம் சொன்னேன். மலேசியாக்காரி, விடுவாளா?

"பஸ் ஸ்டாப்பையே பிடுங்கிட்டு, பஸ் நிக்கலன்னு அழுதியா லா?"

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல?

டி வரிசையைத் திரும்பச் சேர்த்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். மாதத்தின் கடைசி வாரம், ஆர்.என்.ஏ.க்களை நீளப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லை வெளிச்சத்தில் வைத்தபோது, முன்பெல்லாம் நீளமானவை மேலே தேங்கிக் காட்டிய கலங்கல் மறைந்திருந்தது. கீழே, இருக்க வேண்டிய இடத்தில், மெல்லிய ஒற்றைக் கோடு.

"வந்துருச்சுடீ!" என்று அவள் கத்த, நான் அதைவிடப் பெரிதாகக் கத்தினேன். பக்கத்து அறையே எட்டிப் பார்த்தது. மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டு, தலைப்பு உன்னுடையதுதான் என்றார்.

அம்மாவுக்குப் போன் எடுத்து, கோடு வந்திட்டுது என்றேன்.

"கோடு வந்தது நல்லதோ கெட்டதோ, பிள்ளை?"

"நல்லது அம்மா! சரியான நல்லது!"

"அப்ப சாப்பிட்டிட்டுச் சந்தோசப்படு."

ஒன்றை உருவாக்குவது மட்டும்தான் கெட்டித்தனம் என்று நினைத்திருந்த எனக்கு, அதை எங்கே நிறுத்துவது என்பதையும் செல் எழுதிவைத்திருக்கிறது என்பது இன்றைக்கும் புல்லரிப்பாகத்தான் இருக்கிறது. அடுத்த கிழமை அந்த வரிசையிலிருந்து ஒவ்வொரு டியாகக் கழற்றப் போகிறேன், எதைக் கழற்றும்போது நொதிக்குப் பிரேக் பிடிக்காமல் போகிறது என்று பார்க்க.