விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

ஆனி ரோஸுக்குப் பொறாமை என்று யாராவது சொன்னால் அவள் வீட்டுக்காரர் பெனடிக்ட் ஒப்புக்கொள்ள மாட்டார். "அவளுக்கு எல்லாத்துலயும் நியாயம் வேணும், அவ்ளோதான்" என்பார். அந்த மனிதர் சிமெண்டு லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் ரோட்டில் கிடப்பவர், அவருக்கு என்ன தெரியும்? அரியலூரில் அவர்களுக்கு எதிர் வீட்டில் இத்தனை வருஷம் குடியிருக்கிற பூங்காவனம் நான் சொல்கிறேன், அது பொறாமையேதான். பள்ளிக்கூட வேலைக்குப் போய் வந்து, சமைத்துப் போட்டு, ஜெபமாலை சொல்லி முடித்த பிறகும் களைத்துப் போகாத பொறாமை.

அதுவும் ஊரில் உள்ள எல்லோர் மேலும் இல்லை. ஒரே ஒருத்தி மேல். கொழுந்தன் லியோ பிரபுவின் பெண்டாட்டி அனிதா மேரி. ஆனி ரோஸ் வரதராஜன்பேட்டை மாமியார் வீட்டுக்கு வாழ வந்து ரொம்ப வருஷம் கழித்து வந்தவள். வந்த வேகத்தில் மாமியார் அவளைக் கொண்டாடினார். லியோ ஓமனுக்குப் போனான். பிரிட்ஜ் வந்தது, கார் வந்தது. ஒவ்வொன்று வந்தபோதும் ஆனி ரோஸ் தெருவைத் தாண்டி என்னிடம் வந்து, "நல்லா இருக்கட்டும்" என்பாள். அந்த "நல்லா"வைச் சொல்லும்போது அவள் பல்லைப் பார்க்க வேண்டும்.

அவள் அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்கி, அமிலத்தைப் பதமாய்க் கலந்து வைப்பாள். பரிசோதனை நன்றாக வந்தால் பாராட்டு வாத்தியாருக்குப் போகும். குழாய் உடைந்தால் மட்டும் அவளைக் கூப்பிடுவார்கள். வீட்டிலும் அதே கதைதான் என்று அவள் நினைத்தாள். அது முழுக்கப் பொய்யும் இல்லை.

அவர்கள் குடியிருந்தது செல்லமுத்து சார் வீட்டின் பின்கட்டில். முன்னால் சார் குடியிருந்த பெரிய வீடு. பின்னால் அதை ஒட்டி, வாடகைக்கு விடுவதற்காகவே பிற்பாடு கட்டிய ஒரு அறையும் சமையல்கட்டும். சார் அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவர், தனி ஆள். ஓசூரில் இருக்கிற மகனைப் பார்க்கப் போகும்போதெல்லாம் சாவியை ஆனி ரோஸிடம் கொடுத்துவிட்டுப் போவார். அவர் பஸ் ஏறிய மறு நிமிஷம் அவள் முன் வீட்டைத் திறந்து கூட்டிப் பெருக்குவாள். ஒருமுறை என்னையும் உள்ளே கூட்டிப் போனாள்.

"இங்க சோபா. இந்த ஜன்னலுக்கு மஞ்சத் திரை" என்று காட்டிக்கொண்டே போனாள். கூடத்தின் மேற்குச் சுவருக்கு வந்ததும் குரல் இறங்கிவிட்டது. "இங்க திருஇருதயப் படம், பூங்காவனம். கதவத் தொறந்தா சாமி மொகத்துல முழிக்கணும்."

"சார் உனக்கு விக்கிறேன்னு சொல்லிட்டாரா?" என்றேன்.

"விக்கிறப்போ என்னைக் கேக்காம யாரைக் கேப்பாரு?" என்றாள்.

அவர் வேறு ஆளைக் கேட்டார். சொல்லப்போனால் அவர் கேட்கவே இல்லை, அனிதா மேரிதான் அவரைக் கேட்டாள். பிள்ளைகளை டவுனில் படிக்க வைக்க வேண்டும் என்று வீடு தேடிக்கொண்டிருந்தாள். சார் மகனோடு போய் இருக்கப்போகிறார் என்பது காதில் விழுந்திருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நேராகப் பின்கட்டுக்கு வந்தாள். நான் அப்போது கருவேப்பிலை வாங்க அங்கேதான் போயிருந்தேன்.

"அக்கா, ஒரு விசயம். இந்த வூட்ட நாங்க வாங்கலாம்னு இருக்கோம்."

ஆனி ரோஸ் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். "எந்த வூட்ட?"

"இந்த வூட்டத்தான்க்கா. நீங்கதானே போன கிறிஸ்மஸ்ல அவ்ளோ நேரம் சொன்னீங்க, இந்த மாதிரி காத்தோட்டமான வூடு அரியலூர்லயே கெடையாதுன்னு. அப்பலேருந்து எனக்கு வேற எதுவுமே புடிக்கல. நீங்க எங்கயும் போக வேணாம். பின்கட்டு உங்களுக்குத்தான். வாடகைகூட எப்ப முடியுதோ அப்பக் குடுங்க."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் பெரிய கொடுமை. கெட்ட மனசோடு சொல்லியிருந்தால் ஆனி ரோஸ் பதிலுக்கு நாலு கேட்டிருக்கலாம். அனிதா போனதும் ஆனி ரோஸ் என்னைப் பார்த்து, "ஓரகத்தி வூட்ல நான் ஒட்டுக்குடித்தனமா?" என்றாள். டீ அப்படியே ஆடை படிந்து கிடந்தது. எனக்கும் கருவேப்பிலை மறந்து போய்விட்டது.

அந்த நேரத்தில் ஓமனிலிருந்து லியோ பிரபு ஒரு வேலை செய்தான். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு இன்ஜினியரை விட்டு வீட்டைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டான். அங்கே வீடு வாங்குகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்களாம். நம் பக்கம் பட்டாவைப் பார்ப்போம், வில்லங்கம் போட்டுப் பார்ப்போம், வாஸ்துவுக்கு ஒருத்தரைக் கூட்டி வருவோம். சுவரைத் தட்டிப் பார்க்க ஆள் வைத்து நான் கண்டதில்லை. செல்லமுத்து சாருக்குக் கோபம். "பொண்ணு பாக்க வந்துட்டு டாக்டர் சர்ட்டிபிகேட் கேப்பாங்களா?" என்று தெருவில் நின்று பேசினார்.

ஆனி ரோஸுக்கு மட்டும் முகம் தெளிந்துவிட்டது. அந்த வீட்டின் குறைகள் அவளுக்குத் தெரிந்த அளவுக்குச் சாருக்கே தெரியாது. நம் ஊர் கரிசல் மண், கோடையில் சுருங்கி வெடிக்கும், மழையில் ஊறிப் பொங்கும். கட்டிடம் அதற்கேற்பக் கொஞ்சம் ஆடும். சாரிடம் எப்போது சொன்னாலும் "பாக்கலாம்மா" என்பார். அவளும் விரிசல் கண்ட இடத்தில் எல்லாம் ஒரு மாதா காலண்டரை மாட்டி மறைத்துவிடுவாள். பின்கட்டில் ஏலாக்குறிச்சி மாதா மட்டும் மூன்று சுவர்களில் இருந்தார்.

இன்ஜினியர் பெரம்பலூரிலிருந்து வந்தாள். வேணி என்று பெயர், சின்ன வயசுதான். அன்றைக்கு ஆனி ரோஸ் லீவு போட்டாள். காய்ச்சலிலும் லீவு போடாதவள். வேணி சுவரைச் சுத்தியலால் தட்டினாள், ரசமட்டம் வைத்தாள், ஈரம் பார்க்கிற ஒரு கருவியை ஓரமெல்லாம் வைத்தாள். ஆனி ரோஸ் பின்னாலேயே நடந்தாள். "இந்தக் கதவு ஐப்பசியில மூடாதுங்க." "இங்க பூசி பெயிண்ட் அடிச்சிருக்காரு, உள்ள பாருங்க." பின்கட்டுக்கு வந்ததும் காலண்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சமையல்கட்டில், முன் வீட்டோடு பின்கட்டு சேருகிற மூலையில், தரையிலிருந்து மேலே வரை ஒரு விரிசல் ஓடியது. அதைக் காட்டும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தால், அவளே கட்டிய சுவர் என்று நினைப்பீர்கள்.

"நீங்கதான் வாங்குறீங்களாம்மா?" என்று வேணி கேட்டாள்.

"வாங்குறவளோட அக்கா."

"அதான் இவ்ளோ அக்கறை" என்றாள் அந்தப் பெண். நான் வாயை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

வேணி உடனே முடிவு சொல்லவில்லை. முன் வீட்டில் சில விரிசல்களிலும் சமையல்கட்டு மூலையிலும் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை வைத்து, இரண்டு முனையிலும் அழுத்தமாக ஒட்டினாள். சுவர் அசையாமல் இருந்தால் கண்ணாடி அப்படியே இருக்கும், அசைந்தால் உடைந்துவிடும் என்றாள். ஒரு மழை பெய்யட்டும், அப்புறம் வருகிறேன் என்றாள்.

"ஒடஞ்சா வாங்கக் கூடாதுங்களா?" என்று ஆனி ரோஸ் கேட்டாள்.

"எந்தக் கண்ணாடி ஒடையுதுன்னு பாத்துட்டுத்தான்மா சொல்ல முடியும்."

இதில் "எந்த" என்பது ஆனி ரோஸ் காதில் ஏறவே இல்லை. ஏதாவது ஒன்று உடைந்தால் போதும், லியோ பிரபு பின்வாங்கிவிடுவான் என்று கணக்குப் போட்டுவிட்டாள். அதன் பிறகு காலையில் எழுந்ததும் முதலில் சமையல்கட்டுக் கண்ணாடியைப் பார்ப்பாள். வேலை விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பார்ப்பாள். ஒருநாள் பெனடிக்ட் லாரியை விட்டுவிட்டு வந்தவர், சமையல்கட்டில் அவள் முழங்கால் போட்டிருப்பதைப் பார்த்து, "மாதா படம் அந்தப் பக்கம்ல இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

"வேண்டுனது தப்புன்னா மாதா கேக்காம வுட்டுடட்டும்" என்றாள் என்னிடம்.

"அந்த அம்மிக் குழவியால லேசா ஒரு தட்டு தட்டிட்டா ஆச்சு" என்றேன், வேண்டுமென்றே.

அவள் குழவியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நன்றாகவே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "பாவசங்கீர்த்தனத்துல சொல்ல வேண்டி வரும். சாமியார் அனிதாவோட ஊர்க்காரரு."

மழை வந்தது. விடாமல் பெய்து, தெருவில் காலை வைத்தால் மண் செருப்போடு வருகிற மழை. ஒரு மத்தியானம் ஆனி ரோஸ் குடைகூட இல்லாமல் ஓடி வந்து என் வாசலில் நின்றாள். தலையெல்லாம் நீர். பரீட்சையில் பாஸான பிள்ளையின் முகம்.

"ஒடஞ்சிடுச்சு, பூங்காவனம். நான் தொடக்கூட இல்ல. தானா ஒடஞ்சிடுச்சு."

அவளே வேணிக்குப் போன் போட்டாள், அவளே அனிதாவுக்கும் போன் போட்டாள். மழை விட்ட மறுநாள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். வேணி முதலில் முன் வீட்டைப் பார்த்தாள். அங்கே ஒட்டிய கண்ணாடிகள் ஒட்டியபடியே இருந்தன. பிறகு பின்கட்டுச் சுவரின் அடியில் மண்ணைத் தோண்டச் சொன்னாள். கடப்பாரை போட்ட கொஞ்ச நேரத்திலேயே அஸ்திவாரம் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே வெறும் கரிசல். செல்லமுத்து சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

"முன் வூடு சுக்கான் பாறை வர்ற வரைக்கும் தோண்டிக் கட்டுனது. கெட்டி. தாராளமா வாங்கலாம்" என்றாள் வேணி. "இந்தப் பின்கட்டு மண்ணு மேலயே நிக்குது. முன் வூட்டுல இருந்து பிரிஞ்சி வெலகிக்கிட்டே இருக்கு. இத இடிச்சிடணும். இந்த மழைக்கு இதுக்குள்ள யாரும் படுக்காதீங்க."

ஆனி ரோஸ் தன் சமையல்கட்டைப் பார்த்தாள், அடுப்பு மேல் பாதி வெந்த சோறு இருந்தது. அனிதா மேரி திடீரென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுலயாக்கா இத்தன வருசமாப் படுத்தீங்க? ஏதாச்சும் ஆயிருந்தா?" என்று அழ ஆரம்பித்தாள். ஆனி ரோஸுக்குக் கண்ணீர் வரவில்லை. வந்திருக்க வேண்டிய அழுகை அவளுடையது, அதிலும் அனிதாதான் முந்திக்கொண்டாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் சுருக்கம்தான். ஆனி ரோஸ் வரிசையாகக் காட்டிய குறைகளை வைத்துப் பேசி விலையை நன்றாகக் குறைத்துவிட்டார்கள். லியோ பிரபு போனில், "அண்ணி, உங்களாலதான் அண்ணி" என்று நெகிழ்ந்து பேசினான். எங்களோடேயே முன் வீட்டில் வந்து இருங்கள் என்று அனிதா மன்றாடினாள். ஆனி ரோஸ் கேட்கவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வாடகை வீடு பிடித்தாள். குடிபோகும் முன் வேணியைக் கூப்பிட்டுச் சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று அவள் நின்றதும், வாடகை வீட்டுக்காரர் நடையைக் கட்டுங்கள் என்று சொன்னதும், பெனடிக்ட் அவர் காலில் விழாத குறையாகச் சமாதானம் செய்ததும் வேறு கதை. பின்கட்டை இடித்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அன்றைக்கும் லீவு போட்டிருக்கலாம், போடவில்லை.

கிறிஸ்மஸுக்கு முன்னால் வீடு மந்திரித்தார்கள். லியோவும் வந்திருந்தான். சாமியார் ஒவ்வொரு அறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனார். ஜன்னல்களில் திரை போட்டிருந்தது, மஞ்சள் இல்லை, நீலம். ஆனி ரோஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். கடைசியில் அனிதா மேரி திருஇருதயப் படத்தைக் கொண்டுவந்து, இத்தனை பேர் முன்னால் அவள் கையில் கொடுத்தாள்.

"அக்காதான் மாட்டணும். இந்த வூட்ட எங்களுக்குத் தேடிக் குடுத்ததே அக்காதான்."

உண்மையில் அந்தப் பெண்ணுக்குக் கபடு இல்லை. ஆனி ரோஸின் முகம்கூட அந்த ஒரு நிமிஷம் இளகியது. படத்தை வாங்கிக்கொண்டு யாரையும் கேட்காமல், அக்கம் பக்கம் பார்க்காமல், நேராகக் கூடத்தின் மேற்குச் சுவருக்கு நடந்தாள். கையை உயர்த்திப் படத்தைச் சுவரில் வைத்தாள். கதவைத் திறந்தால் முகத்தில் முழிக்கிற உயரம். அளந்து பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

"அந்த எடம் வேணாம்க்கா" என்றாள் அனிதா. "அங்க ஏசி வருது."

ஆனி ரோஸின் கை சுவரிலேயே இருந்தது. பிறகு படத்தை மெல்ல இறக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"வேற எங்க மாட்டலாம், நீங்களே சொல்லுங்கக்கா. உங்களுக்குத் தெரியாத செவுரா?"

அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். சோபாவுக்கு ஒரு இடம் வைத்திருந்தாள், மேசைக்கு ஒரு இடம் வைத்திருந்தாள், எந்தச் சுவரில் மழைக்கு ஓதம் ஏறும் என்றுகூடத் தெரிந்து வைத்திருந்தாள். படத்துக்கு மட்டும் அவளிடம் வேறு இடம் இல்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். சாமியார் தீர்த்தச் செம்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"நீங்களே எங்கயாச்சும் மாட்டுங்க" என்று படத்தைப் பெனடிக்டிடம் கொடுத்தாள். "எனக்குக் கை வலிக்குது."