இருபத்து மூன்று சிக்ஸரும் ஒரு மஞ்சள் ஸ்டாரும்

அணுபுரம் குடியிருப்பில் எங்கள் கிரிக்கெட் மைதானத்துக்கு மேற்கே ஒரு காம்பவுண்டு சுவர் உண்டு. பொங்கலை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் டென்னிஸ் பந்து டோர்னமென்டின் சாதனைகளை அதில்தான் பெயின்ட்டில் எழுதி வைப்போம். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து பத்து வருஷம் அதன் முதல் வரி மாறவேயில்லை: ஒரு சீசனில் அதிக சிக்ஸர், இருபத்து மூன்று. அடித்தவர் கோயம்புத்தூர்க்காரர், இன்ஜினியர். தினமும் காலையில் மைதானத்தை ஆறு சுற்று நடப்பார். ஆறு முறையும் அந்த வரிக்கு முன்னால் ஷூ லேஸ் அவிழ்ந்துவிடும்.

நான் டோர்னமென்டின் ஸ்கோரர். பேட் பிடிக்கத் தெரியாது. டிராயிங் செக்‌ஷனில் வேலை என்பதால் கையெழுத்து மட்டும் அழகாக இருக்கும்.

எங்கள் ஆபீஸ் பஸ்ஸின் டிரைவர் பக்கத்துக் கிராமத்துக்காரன். அவன் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். வீட்டில் மாதச் சம்பளத்துக்கு வந்த முதல் ஆள் அவன்தான். ஒல்லி. பந்தை அழகாகப் பார்த்துத் தூக்குவான், ஆனால் எல்லைக்கு நாலடி முன்னால் யாராவது கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒரு மழைக்காலத்தில் கேளம்பாக்கத்தில் ஏதோ ஜிம்மில் சேர்ந்தான். பொங்கலுக்குள் யூனிஃபார்ம் சட்டையில் மேல் மூன்று பட்டன் போட முடியவில்லை. ரோட்டில் மாடு நின்றால் ஹாரன் அடிக்காமல் இறங்கிப் போய்ச் சண்டை போட்டான். அந்த சீசனில் அவன் அடித்தது இருபத்து நான்கு.

சுவரில் பழைய வரியை அழித்து அவன் பெயரை எழுதினார்கள். மறுநாள் காலை இன்ஜினியர் நடக்க வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் தசை ஏற ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு சாதனை செய்தார்கள் என்று பேச்சு கிளம்பியிருந்தது. இன்ஜினியரின் மகன் அங்கே இருந்தான். அவன் அனுப்பிய செய்திகளை எல்லாம் பிரின்ட் எடுத்து, பின் அடித்து, கிளப் தலைவரின் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.

"பேஸ்பால்னா என்ன சார்?" என்று தலைவர் கேட்டார்.

"கிரிக்கெட் மாதிரிதானுங்க. ஸ்டம்பு இருக்காதுங்க. அது முக்கியமில்லீங்க. நம்ம டிரைவர் தோளைப் பாத்தீங்களா? அது இட்லி தின்ன தோளுங்களா?"

தலைவர் பயந்தவர். டிரைவரோடு கொஞ்சம் பழக்கம் உள்ளவன் என்று என்னைப் பிடித்து, "நீங்களே பக்குவமா கேட்டுட்டு வந்துடுங்க" என்றார்.

மறுநாள் காலை பஸ்ஸில் இன்ஜின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். பக்குவமாகக் கேட்பது எப்படி என்று யோசித்து யோசித்து, கடைசியில், "ஜிம்முல ஊசி கீசி போட்டுக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் கியரை மாற்றினான். எல்லோரும் இறங்கிப் போனபிறகு இன்ஜினை அணைத்தான்.

"போட்டேன் அண்ணாத்த. மாஸ்டர் வைட்டமினுன்னான். நாலு ஊசி. பாட்டில்ல பேரே இல்ல. அப்பவே எனக்கு டவுட்டுதான்."

"டவுட்டு இருந்தும் ஏன் போட்டுக்கிட்ட?"

"பந்து தாண்டுச்சே அண்ணாத்த."

அவனே சொன்னான்: "இப்ப வுட்டுட்டேன். டாக்டராண்ட போனா பிரஷர் ஏறிகீதுன்றாரு. வூட்ல எதுக்கெடுத்தாலும் கத்திகினு இருந்தேன். பேஜாராப் பூட்ச்சி."

அடுத்த ஞாயிறு கிளப் அறையில் கூட்டம். டிரைவரையும் வரச்சொல்லியிருந்தார்கள். ஆராய்ச்சி செய்பவர்கள் நிறைந்த ஊர் என்பதால் யாரும் சும்மா பேசவில்லை. ஒருவர் கரும்பலகையில் கிராஃப் போட்டார். ஊசிக்கு முன்னால் அவன் அடித்த பந்து எவ்வளவு தூரம், பின்னால் எவ்வளவு தூரம், வித்தியாசத்தைக் கழித்தால் எத்தனை சிக்ஸர் மிஞ்சும் என்று ஆரம்பித்தார். அன்றைக்குக் கடல்காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று இன்னொருவர் கேட்டதும் கிராஃப் நின்றது. இன்ஜினியர், "மொத்தமா அழிச்சிருங்க. அந்த சீசனே நடக்கலைன்னு வச்சுக்குங்க" என்றார். மூன்றாமவர், "அழிக்க வேணாம், இதுல கோளாறு இருக்குன்னு காட்டப் பேருக்குப் பக்கத்துல ஒரு ஸ்டார் போடுவோம். அமெரிக்காவுலயும் அப்படித்தான் சிலர் கேக்கறாங்களாம்" என்றார்.

டிரைவர் எழுந்தான். "சார், ஊசி போட்டது தப்பு. அத்த எங்க வேணா எழுதுங்க. ஆனா நடக்கவே இல்லன்னு சொல்லாதீங்க. எம்பொண்ணு உக்காந்து பாத்துகினு இருந்தா. அவகிட்ட நான் இன்னா சொல்றது?"

ஒரு விஷயம் ஒரு மாதமாக என்னிடம் மட்டும் இருந்தது. எல்லோருமே ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்ததாலோ என்னவோ, நானும் எழுந்துவிட்டேன்.

"அரையிறுதியில ஒரு சிக்ஸர்... அது சிக்ஸரான்னு எனக்குத் தெரியாது. அப்பத்தான் போண்டா வந்துச்சு. சட்னி எடுக்கத் திரும்பினேன். எல்லாரும் கத்தினாங்க. ஆறுன்னு போட்டுட்டேன். தரையில ஒரு பிட்ச் குத்திப் போயிருந்தா அது நாலு."

ஊசி போட்டவனை ஒரு மணி நேரமாகப் பொறுமையாக விசாரித்தவர்கள் போண்டா தின்றவனைக் கடித்துக் குதறினார்கள். "ஸ்கோரர்னா ஒரு பொறுப்பு வேணாமா?" "இத்தனை வருஷமா எத்தனை போண்டாவோ?" டிரைவரே, "இன்னா அண்ணாத்த நீயி!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

இன்ஜினியர் முகம் மட்டும் பிரகாசமானது. "அப்ப அவருக்கும் இருபத்து மூணு. எனக்கும் இருபத்து மூணு. சமமுங்க!" என்றார். கொண்டுவந்த பிரின்ட்களை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். "ஊசி கெடக்குது விடுங்க. எல்லாருந்தான் எதாச்சும் போட்டுக்கறோம். நானே சுகருக்குப் போட்டுக்கறேன்."

அப்படியாக, சுவரில் இரண்டு பெயரும் இருபத்து மூன்றுடன் வந்தன. டிரைவர் பெயருக்குப் பக்கத்தில் ஸ்டார் போட முடிவானது. திருப்போரூரிலிருந்து வந்த பெயின்டரிடம் சின்னதாகப் போடச் சொன்னோம். அவர் கோயில் தேருக்கெல்லாம் எழுதுகிறவர், சின்னதாகப் போட்டுப் பழக்கமில்லை. தேங்காய் மூடி அளவுக்கு, மஞ்சளில், கறுப்புக் கரை கட்டி, ஐந்து முனையும் ஜொலிக்கும்படி ஒரு ஸ்டார் வரைந்துவிட்டுப் போனார்.

இரண்டே மாதத்தில் குடியிருப்பு முழுக்க அதற்கு ஒரே அர்த்தம்தான். புதிதாக மாற்றலாகி வந்தவர்கள், "ரெண்டு பேரும் இருபத்து மூணுதான், ஆனா ஸ்டார் வாங்கினவர் இவர்" என்று பஸ் ஏறும்போது டிரைவருக்குக் கை கொடுத்தார்கள். இன்ஜினியர் மறுபடியும் தலைவரிடம் போனார்.

"எனக்கும் ஒரு ஸ்டார் போடச் சொல்லுங்க."

"சார், அது தப்பு செஞ்சதுக்கு அடையாளம்."

இன்ஜினியர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் என் குவார்ட்டர்ஸுக்கே வந்து, காப்பிகூடக் குடிக்காமல் சொன்னார்: "நான் அடிச்ச வருஷம் கிழக்கால யாரோ கல்யாணப் பந்தல் போட்டிருந்தாங்க. பவுண்டரிக் கயித்தை இருபதடி உள்ள தள்ளிக் கட்டினோமுங்க. என்ற சிக்ஸர்ல பாதி அந்தப் பக்கம் போனதுதான். அதுக்கு ஒரு ஸ்டார் குடுக்கலாமுங்களே?"

பத்து வருஷமாக யாருக்கும் சொல்லாத ரகசியம் அது. கமிட்டி உடனே கொடுத்துவிட்டது.

டிரைவருக்கு மட்டும் அந்த மஞ்சள் ஸ்டாரைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. ஒரு நாள் பஸ்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "எம்பொண்ணு அத்தப் பாத்துட்டு ஃப்ரெண்டுங்ககிட்டல்லாம் பெருமை பேசிகினு இருந்தா. தாங்கல அண்ணாத்த. உக்கார வச்சு சொல்லிட்டேன், அது நல்ல ஸ்டாரு இல்ல கண்ணுன்னு. ஊசி விஷயம் எல்லாம்."

"என்ன சொன்னா?"

"அழுவான்னு பாத்தேன். 'அப்ப ஊசி இல்லாம ஒரு தபா ஆடிக் காட்டு நைனா'ன்றா."

அடுத்த பொங்கலுக்கு ஆடினான். தோள் பழையபடி இளைத்திருந்தது, சட்டைப் பட்டன்கள் எல்லாம் போட முடிந்தது. பாதிப் பந்துகள் எல்லைக்கு நாலடி முன்னால் யார் கையிலோ போய் விழுந்தன. மொத்தம் ஒன்பது சிக்ஸர். அந்தப் பெண் எல்லா ஆட்டத்துக்கும் வந்து, ஒவ்வொன்றாக எண்ணி, என்னிடம் வந்து சரிபார்த்துவிட்டுப் போனாள்.